ஒத்த ஊர்களின் சராசரி

நகராட்சி அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'சராசரி' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சராசரி சார், அவர் எழுந்து போனதும் வெறும் சராசரி. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. உயரம், குரல், நடை என்று எதிலும் பிறர் நினைவில் வைத்துக்கொள்ளும்படி அவரிடம் ஒன்றுமில்லை. அலுவலகக் குழுப் புகைப்படத்தில் அவர் இருக்கிறாரா என்று பார்க்க, ஒரு தரம் பார்த்தால் போதாது. ஆனால் பட்டப்பெயர் வந்தது ஆளைப் பார்த்து அல்ல, அவர் செய்த வேலையைப் பார்த்து.

அந்த ஊரைப் போலவே மக்கள்தொகை உள்ள, துறைமுகமோ பெரிய ஆலையோ வாய்க்காத, இன்னும் சில ஊர்களை மேலிடம் பொறுக்கி ஒரு கூட்டமாக வைத்திருந்தது. 'ஒத்த ஊர்கள்' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். ஒவ்வொரு ஊரும் வருடத்துக்கு ஒரு முறை தன் வருமானத்தை மற்ற ஊர்களின் வருமானத்தோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட வேண்டும். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், சந்தைக் கடை வாடகை, பேருந்து நிலையக் கட்டணம், கட்டணக் கழிப்பிடம், மேலிருந்து வரும் மானியம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஓரத்தில் ஒத்த ஊர்களின் சராசரி. அதை ஒட்டி 'மேல்' அல்லது 'கீழ்' என்று ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லை எழுதுவதுதான் இத்தனை வருடமாக அவர் வேலை. இளைஞராக வந்து உட்கார்ந்தவர், தலை நரைக்கும்வரை பெரும்பாலும் 'கீழ்' என்றே எழுதினார்.

கணக்குப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. இருந்த ஒரே ஜன்னலை யாரோ ஒரு காலத்தில் இரும்பு பீரோவை வைத்து அடைத்துவிட்டார்கள். பீரோவின் சாவி தொலைந்து போனதால் அதை நகர்த்தவும் யாரும் துணியவில்லை. பகலிலும் குழல்விளக்கு எரியும். அவருக்கு எதிர் மேசையில் தபால் பிரிவுக்காரர். நாளெல்லாம் உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டே பேசுவார்.

"சராசரி சார், நம்ம ஊரு எதுலயாவது மேல வந்திருக்கா?"

"மானியத்துல வந்திருக்கு."

"அது கல்யாண வயசு தாண்டின பையன் அப்பன்கிட்ட கைச்செலவுக்கு வாங்குற மாதிரி சார். அதைப் போய் மேலன்னு எழுதுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

அவர் சிரித்துவிட்டு எழுதுவார். ஒரு வகையில் தபால்காரர் சொன்னதுதான் அந்த ஊரின் முழு நிதிநிலை. வந்த பணத்தில் பாதிக்கு மேல் மேலிருந்து வந்தது. சொந்தமாகச் சம்பாதித்தது தெருவிளக்குக்கும் துப்புரவுச் சம்பளத்துக்கும் சரியாகப் போனது. சில மாதங்களில் அதற்கும் போதவில்லை.

சராசரியைப் படிக்க வைத்தது அதே நகராட்சியின் சந்தையில் இருந்த ஒரு கடை. அக்காவின் கடை. பிளாஸ்டிக் வாளி, குவளை, துடைப்பம், துணி உலர்த்தும் கயிறு, கிளிப்பு. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததும் அக்கா அந்தக் கடையை எடுத்தாள். அப்போது அவளுக்குச் சரியாகத் தாவணிகூட நிற்காத வயது. வாளி விற்ற காசில்தான் அவருக்குப் பாடப்புத்தகம், பரீட்சைக் கட்டணம், முதல் நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பு எல்லாம். பிறகு அவளுக்குக் கல்யாணமாகி மாமா வந்தார். வந்த சில வருடங்களில் சுமை தூக்கி இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு கடையின் பின்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பிடி கழன்ற வாளிகளுக்குக் கம்பி வளைத்து மாட்டிக்கொண்டிருப்பார். வருமானத்தைவிட அவருக்கு வாய் அதிகம். வீட்டுக்கு ஒருவராவது சிரிக்க வேண்டும் என்று அக்காவும் அதை விட்டு வைத்திருந்தாள்.

ஆணையர் மாறி வந்த வருடம் எல்லாம் ஆரம்பித்தது. புதியவர் கெட்டவர் அல்ல. தொண்டை சரியில்லாதவர், மேசையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க் இருக்கும். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. ஒரு நாள் சராசரியைக் கூப்பிட்டு, அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். ஆணையர் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"மேலிடத்துல புதுசா ஒரு முடிவு எடுத்திருக்காங்க. சொந்த வருமானம் சராசரிக்குக் கீழ இருக்கற ஊருக்கு மானியத்தைக் குறைக்கப் போறாங்க. எங்க கூட்டலாம்னு நீங்க சொல்லுங்க."

"வீட்டு வரி ரொம்பக் கீழ இருக்கு சார். வீடுகளோட மதிப்பைத் திருத்தியே பல வருஷம் ஆச்சு."

"அதைத் தொட்டா ஊருல ஒருத்தர் விடாம சண்டைக்கு வருவாங்க. மன்றத்துல உக்காந்திருக்கறவங்களுக்கே ஆளுக்கு நாலு வீடு. தண்ணி?"

"தண்ணி வந்தாத்தான சார் கட்டணம் கேக்கலாம்."

ஆணையர் வெந்நீரை ஒரு மிடறு குடித்தார். விரல் அட்டவணையில் இறங்கி ஒரு கட்டத்தில் நின்றது.

"இது என்ன, கடை வாடகை? ஒத்த ஊருங்கள்ல கடை ஒண்ணுக்கு வாங்கறதுல பாதிகூட நம்ம வாங்கலையே."

அந்தக் கட்டத்தின் பக்கத்தில் 'கீழ்' என்று எழுதியது சராசரியின் கைதான்.

"கடைக்காரங்க எத்தனை பேர் இருப்பாங்க, ஒரு நூறு பேர்? சமாளிச்சுடலாம். மன்றத்துல வைக்கறதுக்கு முன்னாடி சராசரி சரிதானான்னு இன்னொரு தடவை பாத்துட்டுக் கொடுங்க."

செய்தி அவருக்கு முன்னால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் போனபோது அக்கா ஒரு பெண்ணுக்குத் துடைப்பத்தின் குச்சியைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனாள். அக்கா துடைப்பத்தை இருந்த இடத்தில் வைத்தாள்.

"வாடகை ரெண்டு மடங்காமே?"

"இன்னும் முடிவாகலக்கா."

"முடிவானப்புறம் என்னத்தை வந்து சொல்லப் போற? இப்பவே மாசக் கடைசில உன் மாமாவுக்கு மாத்திரை வாங்கவா வாடகை கட்டவான்னு நிக்கறேன். ரெண்டு மடங்குன்னா நான் சாவியைக் குடுத்துட்டு வர வேண்டியதுதான்."

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "மச்சான், ஒரு காரியம் பண்ணுங்க. வாளியோட அடில ஒரு ஓட்டை போட்டு விக்கறேன். ஒண்ணு வாங்குறவன் ரெண்டு வாங்குவான். வாடகை கட்டிடலாம்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா. பிறகு தம்பியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "டேய், அந்தக் கணக்கைப் போடறது நீதான? உங்கிட்ட இதுவரைக்கும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. பொய் எழுதச் சொல்லல. எங்கயாவது தப்பு இருக்கான்னு பாரு. அவ்வளவுதான்."

உண்மைதான், அவள் எதுவும் கேட்டதில்லை. வேலை கிடைத்த முதல் மாதம் அவர் கொண்டுபோய் நீட்டிய பணத்தைக்கூட அவள் வாங்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

தப்பு இருக்கிறதா என்று உண்மையாகவே பார்த்தார். கூட்டத்தில் மிகப் பெரிய சந்தை உள்ள ஊரை எடுத்துவிட்டுக் கூட்டினார். சராசரி கொஞ்சம்தான் இறங்கியது. மிகச் சிறிய ஊரை எடுத்துவிட்டுப் பார்த்தார், ஏறியது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் தன் ஊர் கீழே, மற்ற ஊர்கள் மேலே. ஆனால் ஒன்று அவருக்கு உறுத்தியது. பழைய வருடங்களில் இந்த ஊர்கள் இவ்வளவு வாங்கியதில்லை. ஏதோ ஓர் இடத்தில் ஒரு ஊர் முதலில் ஏறியிருக்கிறது, அதைப் பார்த்து மற்றவை ஏறியிருக்கின்றன. முதலில் ஏறிய ஊர் எது என்று தேடினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்.

அந்த ஊரில் இதே அட்டவணையைப் போடும் அம்மாவோடு அவருக்குப் பல வருடப் பழக்கம். முகம் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதும், மகள் வெளியூரில் இருப்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய அக்காவுக்குக் கடை இருப்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"என்ன சார், சீசன் இல்லாத நேரத்துல கூப்பிடறீங்க?"

"ஒரு சந்தேகம்மா. உங்க ஊருல கடை வாடகையை அப்ப ஒரேயடியா ஏத்தினீங்களே, எதை வச்சு ஏத்தினாங்க?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நல்லா கேட்டீங்க. உங்களை வச்சுத்தான். உங்க ஊரு ஒண்ணுதான் அப்ப அவ்வளவு வாங்கிட்டிருந்துச்சு. எங்க ஆணையர் அட்டவணையைப் பாத்துட்டு, ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறவன் வாங்கறான், நமக்கு என்ன கேடுன்னு கேட்டாரு. ஏத்திட்டாங்க. எங்களைப் பாத்து மத்தவங்க ஏத்தினாங்க. நீங்கதான் அப்புறம் ஏனோ குறைச்சுட்டீங்க."

"நாங்க குறைக்கலையே," என்றார் அவர். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

அந்தக் காலத்துப் படிவத்தில் பேருந்து நிலையத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. அவர் ஊரில் பேருந்து நிலையமும் சந்தையும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தன. பேருந்து நிறுத்தக் கட்டணத்தையும் கடை வாடகையையும் ஒரே வசூல்காரர் ஒரே பையில் போட்டுக்கொண்டு வருவார். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்த சராசரி, இரண்டையும் சேர்த்துக் கடை வாடகை என்று எழுதிவிட்டார். மொத்தத் தொகை சரியாக வந்தது, யாரும் கேட்கவில்லை. பின்னால் பேருந்து நிலையத்துக்குத் தனிக் கட்டம் வந்ததும் பிரித்து எழுதினார். அப்போதும் மொத்தம் சரியாக வந்தது. இடைப்பட்ட வருடங்களில் இந்த ஊர்க் கடைக்காரர்கள் யாரும் கட்டாத ஒரு வாடகை ஆற்றைத் தாண்டிப் போய், அங்கே உண்மையாகி, ஊர் ஊராகச் சுற்றி, இப்போது சராசரி என்ற பெயரில் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அளக்கிறோம், அந்த இன்னொன்றும் நம்மைப் பார்த்துத்தான் அளந்துகொண்டது என்றால் அளவுகோல் எங்கே இருக்கிறது? சராசரி அப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடியே பழைய அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் அந்த அம்மா. "இருக்கேன்மா," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஆணையரிடம் மறைக்காமல் சொன்னார். தன் பிழை என்பதையும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டால் காரியம் நின்றுவிடும் என்று நம்பியதால், அது அவருக்குப் பெரிய கஷ்டமாகவும் இல்லை. ஆணையர் குறுக்கிடாமல் கேட்டார். பிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

"அந்த ஊருங்கள்ல இப்ப அந்த வாடகை வசூலாகுதா, இல்லையா?"

"ஆகுது சார். ஆனா அது வந்த வழி..."

"வந்த வழி தப்பா இருக்கலாம். ஆனா வந்துருச்சே. மேலிடத்துல போய், சார், எல்லா ஊரும் வாங்கறாங்க, ஆனா அது ஒரு தப்புல ஆரம்பிச்சது, அதனால நாங்க வாங்க மாட்டோம்னு சொல்ல முடியுமா? அவங்களால கட்ட முடியுதுன்னா நம்ம ஆளுங்களால ஏன் முடியாதுன்னு கேப்பாங்க. எங்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கா?"

அவர் அட்டவணையை மடித்து எடுத்துக்கொண்டார்.

"மானியம் போனா துப்புரவு ஆளுங்களுக்குச் சம்பளம் நிக்கும். அதையும் நான்தான் போய்ச் சொல்லணும்," என்றார் ஆணையர். பிறகு, ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "பழைய தப்பு. உங்க மேல நடவடிக்கையெல்லாம் எடுக்கமாட்டேன், பயப்படாதீங்க."

வெளியே வந்தபோது தபால்காரர் உறை ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு? சராசரிக்குக் கீழ போயிட்டீங்களா?" சராசரி அன்று சிரிக்கவில்லை. தபால்காரர் அடுத்த உறையை எடுத்துப் பசை தடவினார்.

அக்காவிடம் சொல்லப் போகும்போது, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் வாக்கியம் சேர்த்துக்கொண்டு போனார். கடையில் யாரும் இல்லை. அவள் முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். தப்பு இருந்தது, அது தன் தப்புதான், இருந்தும் பயனில்லை என்று ஒரே மூச்சில் சொன்னார். படிவம், கட்டம், ஒரே பை, எல்லாவற்றையும் சொன்னார். பாதிக்கு மேல் அவளுக்குப் புரிந்திருக்காது. மாமா கம்பி வளைப்பதை நிறுத்தியிருந்தார்.

அக்கா துண்டைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்:

"அந்த ஊர்ச் சந்தையிலயும் என்னை மாதிரி எவளாவது வாளி விப்பாதான?"

"இருப்பாங்கக்கா."

"அவ இத்தனை வருஷமா கட்டிக்கிட்டு இருக்காளாக்கும்." துண்டை உதறி, கயிற்றில் போட்டாள். "அவளுக்கு உன்னை மாதிரி ஒரு தம்பிகூட இருந்திருக்க மாட்டான், கேக்கறதுக்கு."

அதைக் குத்தலாகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார். மாமா, வழக்கமாக ஏதாவது சொல்கிறவர், அன்று ஸ்டூலை இழுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தீர்மானம் மன்றத்தில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. வாடகை கூடிய பிறகும் அக்கா சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிப் பார்த்தாள். தம்பி தன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொடுத்தார். இந்த முறை அவள் வாங்கிக்கொண்டாள். அவள் வாங்கியதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. பிறகு ஒரு நாள் சாவியை நகராட்சியில் ஒப்படைத்துவிட்டாள். விற்காத வாளிகளை அவர் வீட்டு முன்னறையில் ஒன்றுக்குள் ஒன்றாக உத்தரம்வரை அடுக்கினார்கள். "நான் இருக்கற வரைக்கும் இந்த வீட்டுல வாளிப் பஞ்சம் வராது," என்றார் அவர் மனைவி. யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சாவியை ஒப்படைத்தது அக்கா மட்டுமல்ல. சந்தையில் கிட்டத்தட்டப் பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. இரட்டை வாடகை என்பது இருக்கிற கடைகளிடமிருந்துதான் வரும். வருட முடிவில் கூட்டிப் பார்த்தால் கடை வாடகை வருமானம் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. அதற்குள் மற்ற ஊர்கள் இன்னும் ஏற்றியிருந்தன. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அவர் மறுபடியும் 'கீழ்' என்று எழுதினார். மானியமும் குறைந்தது. ஆணையருக்கு மாற்றல் வந்தது. போகும்போது பிளாஸ்கை மறந்து விட்டுப் போனார். அது கொஞ்ச நாள் தபால்காரரின் மேசையில் இருந்தது.

அக்காவுக்குப் பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடத்தில் வேலை கிடைத்தது. நகராட்சி நேரடியாக நடத்துவது. வாசலில் ஒரு மேசை, ஒரு தகர டப்பா, மூக்கை மூடிக்கொள்ள அவள் கொண்டுவந்த ஒரு துணி. முன்பு அங்கே இருந்தவர் தெரிந்தவர்களைச் சும்மா விடுவார், பாதியைப் பையில் போடுவார். அக்கா யாரையும் விடுவதில்லை. ஓட்டுநர், நடத்துநர், காவலர், யாராக இருந்தாலும் டப்பாவைத் தட்டிக் காட்டுவாள். வாளி விற்ற கை, ஒரு காசு விடாது. பேருந்துக்கு நிற்கும்போது தம்பி தூரத்தில் இருந்து பார்ப்பார். ஒரு முறை அவர் அவசரத்துக்குப் போனபோது அவள் டப்பாவைத் தட்டவில்லை. அவராகக் காசைப் போட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சீசன் வந்ததும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அம்மா கூப்பிட்டார். முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்களாம், மாடி ஏற முடியவில்லையாம். பிறகு எண்கள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. வீட்டு வரி, தண்ணீர், கடை வாடகை, பேருந்து நிலையம். கழிப்பிடம் வந்ததும் பேனா நின்றது.

"சார், இது சரியான நம்பரா? போன வருஷத்தை மாதிரி ரெண்டு பங்கு இருக்கே."

"சரியான நம்பர்தாம்மா."

"வேற எதையும் சேர்த்து எழுதிடலையே?"

"இல்லம்மா. இந்தத் தடவை எதையும் சேர்க்கல."

"அப்ப இதுல நீங்கதான் எல்லாருக்கும் மேல. எங்க ஆளு பாதிக்காசை வீட்டுக்குக் கொண்டுபோறான், அது தெரிஞ்சதுதான். ஆனா எங்க ஆணையர் அதைக் கேக்க மாட்டாரு. கட்டணத்தைத்தான் ஏத்துவாரு. உங்களுக்கு மட்டும் எப்படி சார்?"

அவர் குழல்விளக்கைப் பார்த்தார். ஜன்னலை அடைத்த பீரோவைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருப்பது என் அக்கா, அவள் யாரையும் விடுவதில்லை, அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை, இதைப் பார்த்து எதையும் ஏற்றாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் எந்தக் கட்டத்தில் அதை எழுதுவார் அந்த அம்மா?

"நல்லா வசூல் பண்றாங்கம்மா," என்றார்.

"சரி சார்," என்றார் அந்த அம்மா. பேனா மறுபடியும் ஓடத் தொடங்கியது. "அடுத்து மானியம். சொல்லுங்க."